கணிப்பொறிக் களத்தில் வாட்போர்



வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்காலத்தே மாலைதோறும் கேட்கும் ஓசை ஒன்று உண்டு. வீட்டின் ஒரு மூலையில் மகனோ மகளோ கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பர். அங்கிருந்து வாளொடு வாள் உராயும் ஒலியும், கேடயம் பிளக்கும் ஒலியும், அரக்கன் ஒருவனின் உறுமலும் எழும். உணவு ஆறிப்போகிறதென்று தாய் அழைத்தால், 'இவன் ஒருவனை மட்டும் வீழ்த்திவிட்டு வருகிறேன், அம்மா' என்று விடை வரும். அந்த ஒருவனை வீழ்த்தும் கலையைப் பற்றியே இன்று சிறிது ஆராய்வோம்.

கற்பனை நாடுகளையும் மாய விலங்குகளையும் களமாகக் கொண்டு, ஆடுபவர் தாமே ஒரு வீரனாகப் பாத்திரமேற்று நடத்தும் வீடியோ விளையாட்டுகள் பல உள. அவற்றுள் சிலவற்றில் வாளை ஓங்கி வெட்டினால், வெட்டியது நம் கையே போல உடல் சிலிர்க்கிறது. வேறு சிலவற்றில் அதே வாள், புகைக்குள் வீசிய குச்சியைப்போல் எதிரியின் உடலை ஊடுருவிப் போய்விடுகிறது. எதிரியும் அதனை அறிந்தானில்லை, நாமும் அறிந்தோமில்லை. இரண்டிலும் படம் அழகியதே. இரண்டிலும் வாள் பளபளப்பதே. பின் ஏன் இந்த வேற்றுமை? நெருங்கி நின்று பொரும் போர் மெய்யெனத் தோன்றுவதும் பொய்யெனத் தோன்றுவதும் எதனால்? இதுவே நம் வினா.

சிறுவர் விளையாட்டைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெங்களூருவில் இது பலருக்குப் பிழைப்பைப் பற்றிய வினா. 1997-ஆம் ஆண்டில் ராஜேஷ் ராவ் இந்நகரில் நிறுவிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவில் வீடியோ விளையாட்டுத் தொழிலைத் தொடங்கி வைத்த நிறுவனங்களுள் ஒன்று. வெளிநாட்டார் ஆக்கும் விளையாட்டுகளுக்கு வேண்டிய உருவங்களையும் பொருள்களையும் செய்துகொடுப்பது அதன் முதன்மைத் தொழிலாயிற்று. 2019-இல் ராக்ஸ்டார் என்னும் உலகப் புகழ்பெற்ற நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இத்தகைய கூடங்களில் நாள் முழுதும் திரைமுன் அமர்ந்து வேலை செய்யும் இளைஞர்களுள் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நாம் அறிந்திருப்பது நன்றன்றோ?

இவ்வகை விளையாட்டின் தாய் கணிப்பொறியில் பிறந்ததன்று. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். வாள் எதிரியின் மேல் பட்டதா இல்லையா என்பதைப் பகடை உருட்டிக் காண்பர். பட்டதாயின் எதிரியின் உயிர்க்கணக்கில் இத்தனை எண் குறையும். கணக்கு இவ்வளவே. எனினும் ஆடினோர் மெய்ம்மறந்து ஆடினர். ஏனெனில், பகடை விழுமுன் அரக்கன் கோடரியை எவ்வாறு உயர்த்தினான் என்பதைக் கதை நடத்துபவர் சொல்வார். விழுந்த பின் அவன் எவ்வாறு தள்ளாடினான் என்பதையும் சொல்வார். இவ்வாட்டம் கணிப்பொறிக்குக் குடிபெயர்ந்தபோது கணக்கு பிழையின்றி வந்து சேர்ந்தது. கதை சொல்லும் வாய் வந்து சேரவில்லை. எண் குறைந்தது, எதிரி முன்போலவே நின்றான்.

நம் பொருளின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. வெட்டு என்பது ஒரு கணம். அதற்கு எடை கொடுப்பவை, அதற்கு முன் நிகழ்வதும் பின் நிகழ்வதுமே. வாளை எத்துணை நுணுக்கமாக வரைந்தாலும், குருதியை எத்துணைச் சிவப்பாகத் தெறிக்கவிட்டாலும், முன்னும் பின்னும் இல்லாத வெட்டு வெறும் படமாகவே நின்றுவிடும்.

முன் நிகழ்வதை முதலிற் காண்போம். கனத்த வாளைத் தூக்குபவன் முதலில் காலை ஊன்றுகிறான், இடுப்பைத் திருப்புகிறான், தோள் பின்வாங்குகிறது, அதன் பின்னரே வாள் முன்வருகிறது. இன்றைய கணிப்பொறி ஒரு விநாடிக்கு 60 படங்களை அடுத்தடுத்துக் காட்டவல்லது. பொத்தானை அழுத்தியதும் இரண்டாம் படத்திலேயே வாள் எதிரியின் கழுத்தில் இருக்குமாயின், அந்த வாளுக்கு எடையே இல்லை. ஓங்குவதற்கு 15 அல்லது 20 படங்களை ஒதுக்கிப் பாருங்கள். வாள் கனக்கத் தொடங்குகிறது. எதிரி ஓங்குவதற்கு இன்னும் மிகுதியாக ஒதுக்க வேண்டும். கண்ணால் கண்டதற்குக் கை மறுமொழி சொல்ல மனிதர்க்கு ஏறத்தாழக் கால் விநாடி ஆகும்; அதாவது 15 படங்கள். அதனினும் விரைவாக எதிரி அடித்தால், அச்சம் வருமுன் அடி வந்துவிடும். அடி வரப்போகிறது என்று கண்டு, விலகுவதா தடுப்பதா என்று நெஞ்சு துடிக்கும் அந்தச் சிறு பொழுதில்தான் போர் நடக்கிறது.

இனிப் பின் நிகழ்வது. வாள் பட்ட கணத்தில் வல்லுநர் செய்யும் உத்தி ஒன்று உண்டு. வெட்டியவன், வெட்டுண்டவன் இருவரையும் இரண்டு மூன்று படங்கள் அளவுக்கு அசையாமல் நிறுத்திவிடுவர். விநாடியில் இருபதில் ஒரு பங்கு. கண் அதனைத் தனியே காண்பதில்லை. ஆயினும் வாள் எதன்மேலோ தடைப்பட்டது என்று உடல் உணர்ந்துகொள்கிறது. அதனோடு காட்சி சற்றே குலுங்கும். கையிற் பிடித்த விசைப்பிடி அதிரும். மரக் கேடயத்தில் பட்டால் ஓர் ஒலி, இரும்புக் கவசத்தில் பட்டால் வேறோர் ஒலி, வெற்றுடலில் பட்டால் பிறிதோர் ஒலி. ஒலியின் ஆற்றலை வானொலி நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வானொலி நாடகத்தில் வாளைக் கண்டவர் யார்? இரண்டு இரும்புத் துண்டுகளின் ஓசையும், நடிகர் மூச்சு வாங்கும் ஒலியும், இடையே ஒரு மௌனமும் கொண்டு களம் முழுவதையும் நம் செவிக்குள் எழுப்பியதுண்டே!

இவை எல்லாவற்றினும் சிறந்தது, பட்டவன் பட்டவனைப்போல் நடத்தல். தோளில் அடிபட்டவன் தோளைத் தாழ்த்த வேண்டும். முழங்காலில் அடிபட்டவன் அடுத்த அடியை நொண்டி வைக்க வேண்டும். வாளின் எடை வெட்டுபவன் கையில் தெரிவதைவிட வெட்டுப்படுபவன் உடலில்தான் மிகுதியாகத் தெரிகிறது. 1965-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் பொருத வாட்போரை நேயர் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே நாயகனின் வீரத்தை நமக்கு அளந்து காட்டியவர் எதிரே நின்ற நம்பியாரன்றோ? வலிய எதிரி நின்று தாங்கினாலன்றி வீரனின் வாள் வெறுங்கை வீச்சே.

இவ்வுண்மையை உலகின் சிறந்த விளையாட்டு ஆசிரியர்கள் வெவ்வேறு வழிகளில் கண்டறிந்தனர். 1989-இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்னும் விளையாட்டை ஆக்கிய ஜோர்டான் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து, அதனைப் படமெடுத்து, அவ்வுருவின் மேலேயே தம் இளவரசனை வரைந்தார். வாட்போருக்கு 1938-இல் வெளிவந்த 'ராபின் ஹூட்' திரைப்படத்தின் வாட்போர்க் காட்சியைத் துணையாகக் கொண்டார். விரல் நீளமுள்ள அந்தச் சிறு உருவம் இன்றளவும் உயிருள்ளதாகத் தோன்றுவதற்கு, அதற்குள் மனித உடலொன்றின் நடை இருப்பதே காரணம்.

2011-இல் ஜப்பானிலிருந்து வந்த 'டார்க் சோல்ஸ்' மற்றொரு வழியைக் காட்டியது. அதில் வாளை ஓங்கிவிட்டால் நடுவில் திரும்பப் பெற இயலாது. ஒவ்வொரு வீச்சும் வீரனின் மூச்சில் ஒரு பங்கைச் செலவிடும். மூச்சுத் தீர்ந்தவன் கேடயத்தை உயர்த்தினாலும் எதிரியின் அடி அதனைத் தட்டித் தள்ளிவிடும். எனவே ஒவ்வொரு வெட்டும் எண்ணித் துணிய வேண்டிய கருமமாகிறது. 2018-இல் செக் நாட்டினர் வெளியிட்ட 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' இன்னும் ஒரு படி சென்றது. மாயமந்திரம் இல்லாத அக்கதையின் நாயகன் ஒரு கொல்லன் மகன். வாள் பிடிக்கத் தெரியாதவன். தொடக்கத்தில் அவன் கை தடுமாறும். ஆசானிடம் மீண்டும் மீண்டும் பயின்ற பின்னரே கை தேறும். அவன் முதன்முதலில் ஒருவனை வெல்லும்போது, அவ்வெற்றிக்கு முன்னால் எத்தனை தோல்வி என்பதை ஆடுபவர் அறிவார். அந்த அறிவே வாளுக்கு ஏறிய எடை.

வெளிநாட்டார் இந்த ஐம்பது ஆண்டுகளில் ஆய்ந்து கண்ட இம்முன்னும் பின்னும் நமக்குப் புதியவையா என்றால், அல்ல. சிலம்ப ஆசான் மாணவனுக்கு முதலிற் கற்பிப்பது கம்பைச் சுழற்றுவதன்று, காலடி வைப்பது. எந்தக் காலை எங்கே ஊன்றினால் எந்த வீச்சு பிறக்கும் என்பதே அக்கலையின் இலக்கணம். தேர்ந்தவன் எதிரியின் கம்பைப் பார்ப்பதில்லை. காலையும் தோளையும் பார்ப்பான். வெட்டுக்கு முன் நிகழ்வதைப் படிக்கும் கல்வி அது.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் விழாவில் நிகழும் படுகளத்தைக் காணுங்கள். பல நாள் பாரதம் படித்து, பல இரவு கூத்தாடிய பின், இறுதி நாளில் துரியோதனன் மண்ணுருவாகப் பெரிதாய்த் தரையிற் கிடப்பான். கூத்தர் இருவர் வீமனாகவும் துரியோதனனாகவும் அதனைச் சுற்றிப் பொருவர். கையில் இருப்பது கூத்துக்கென்று செய்த படைக்கலம். தொடை பிளக்கும் கணத்தில் பிளப்பது களிமண். ஆயினும் கூடியிருப்போர் கண் கலங்குகின்றனர். ஏன்? அவையில் அவிழ்ந்த கூந்தலை முடியேன் என்று திரௌபதி உரைத்த வஞ்சினத்தை அவர்கள் இரவிரவாகக் கேட்டிருக்கின்றனர், அது முன். அடி விழுந்த பின் அக்கூந்தல் முடிக்கப்பெறுவதைக் காணக் காத்திருக்கின்றனர், அது பின். இவ்விரண்டுக்கும் நடுவே மரத்தால் அடித்தாலும் அது வச்சிரமாகவே விழும்.

பெங்களூருவில் வாழ்வோர் இதனைக் காண ஊருக்குப் போகவும் வேண்டா. சித்திரைப் பௌர்ணமி இரவில் இந்நகரின் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. திரௌபதியின் படையாகத் தம்மைக் கருதும் திகளர் குலத்து வீரகுமாரர், உருவிய வாளோடு கரகத்தைச் சூழ்ந்து செல்கின்றனர். பூசாரி தலையிற் சுமந்த பூங்கரகத்தைக் கையால் தொடாமல் நடக்கிறார். அவர் தடுமாறினால் அவ்வாள்கள் அவர்மேல் பாயும் என்பது வழிவழி வந்த சொல். அந்த இரவில் எந்த வாளும் எவரையும் வெட்டுவதில்லை. ஆயினும் பார்ப்போர் மயிர்க்கூச்செறிகின்றனர். வெட்டே இல்லாமல், அதற்கு முன்னுள்ள அச்சம் ஒன்றைக் கொண்டே வாளுக்கு எடை ஏற்றலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதே நகரில் கல்லும் ஒரு பாடம் சொல்கிறது. தெற்கே பேகூர் என்னும் பகுதியில் உள்ள பழங்கோயிலில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கன்னட வீரக்கல் ஒன்று நிற்கிறது. 'பெங்களூருப் போரில்' மாண்ட ஒருவனை அது குறிக்கிறது. இந்நகரின் பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று ஒரு கைகலப்பின் நினைவாக இருப்பது எண்ணத்தக்கது. பேகூரைச் சார்ந்த மற்றொரு வீரக்கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. கங்க மன்னன் எறெயப்பனின் ஆணையால் போர்க்களம் புகுந்து, யானைகளோடு நெருங்கிப் பொருது மாண்ட நாகத்தரனுக்கு எடுத்த கல் அது. அவன் மாண்ட பின் மன்னன் ஊர்களைக் கொடையாக வழங்கிய செய்தியும் அதிற் பொறிக்கப்பெற்றுள்ளது.

கன்னட நாட்டு வீரக்கற்கள் பலவற்றில் மூன்று நிலைகள் இருக்கும். அடிநிலையில் போர், நடுநிலையில் மாண்ட வீரனை அரம்பையர் விண்ணுக்கு அழைத்துச் செல்லுதல், மேல்நிலையில் அவன் இறைவன் திருமுன் வீற்றிருத்தல். சிற்பி, போருக்கு ஒரு பங்கும் போரின் பின்விளைவுக்கு இரு பங்கும் இடம் ஒதுக்கியிருக்கிறான்! நம் தொல்காப்பியமும் நடுகல்லை நாட்டும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு படிகளாக வகுத்தது. வாள் வீசிய கணம் முடிந்துவிடும். ஊர் அவனை நினைப்பது முடிவதில்லை. கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டாரும், போரைச் சொல்லுமுன் பேய்களின் பசியை விரித்தார். போர் முடிந்த பின் களத்தை விரித்தார். சந்தத்தின் துடிப்பால் போரின் ஓசையை எழுப்பியவர், அவ்வோசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் அறிந்தவர்.

இனி, இவற்றால் நமக்கு ஆவது என்ன? பெங்களூருவில் வரையப்பெறும் வாள்கள் பெரும்பாலும் பிறநாட்டுக் கதைகளுக்காக வரையப்பெறுபவை. அதில் இழிவு ஒன்றுமில்லை. நல்ல கொல்லன் எந்த ஊர் மன்னனுக்கும் வாள் வடிப்பான். எனினும் இந்நாட்டார் தமக்கெனவும் வடிக்கத் தொடங்கியுள்ளனர். 2020-இல் புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 'ராஜி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு சிறுமி அசுரரோடு பொருவதே அதன் கதை. கதை நம்முடையதாயிற்று. இனி உடலின் நடையும் நம்முடையதாக வேண்டும்.

உடலின் நடை ஏட்டில் இல்லை. ஆசான்களின் கால்களில் இருக்கிறது. இன்று ஒருவர் உடலெங்கும் சிறு குறிகளைப் பொருத்தி, சுற்றிலும் படக்கருவிகளை நிறுத்தி, அவர் அசைவு முழுவதையும் கணிப்பொறிக்குள் பதிந்துகொள்ளும் முறை வந்துள்ளது. முதிர்ந்த சிலம்ப ஆசான் ஒருவர் காலடி வைக்கும் முறையும், கூத்தர் ஒருவர் கட்டை பூண்டு சுழன்றாடும் முறையும் அவ்வாறு பதியப்பெறாமல் மறையுமாயின், பின்னர் எவ்வளவு பொருள் செலவிட்டாலும் அவற்றை வரவழைத்தல் அரிது. பதியும்போது ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அது அவருடைய வாழ்நாள் ஈட்டம். அதற்குரிய ஊதியத்தைக் கொடுத்து, விளையாட்டின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரையும் பொறித்தல் வேண்டும். நாகத்தரன் பெயரைக் கல்லிற் பொறித்த ஊருக்கு இது பெரிய செயலன்று.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வன்முறை மிகுந்த விளையாட்டைக் கண்டு நீங்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால், குருதி எவ்வளவு சிந்துகிறது என்பதை மட்டும் கொண்டு விளையாட்டை அளக்காதீர்கள். ஆயிரம் பேரை நொடியில் அரிந்து தள்ளி, ஒருவனும் முனகாமல் மறைந்துபோகும் விளையாட்டு, வெட்டென்றால் ஒன்றுமில்லை என்று கற்பிக்கிறது. ஒருவனோடு பொருவதற்கே நெஞ்சு நடுங்க, வென்ற பின்னும் காயம் ஆறக் காத்திருக்க, வீழ்ந்தவனுக்கும் ஒரு பெயரும் ஊரும் உண்டென்று கதை நினைவூட்ட, அவ்வாறு அமைந்த விளையாட்டு, வாளின் விலையைக் கற்பிக்கிறது. போரை மெய்யெனத் தோன்றச் செய்யும் கலையும், போரின் கொடுமையை உணரச் செய்யும் அறமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. உங்கள் பிள்ளையிடம் 'அதை நிறுத்து' என்று சொல்லுமுன், 'அவன் ஏன் உன்னோடு பொருகிறான்? அவன் வீழ்ந்த பின் என்ன ஆகிறது?' என்று அருகிலமர்ந்து கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல அக்கதையில் ஏதேனும் இருக்குமாயின், அது நல்ல விளையாட்டு. இல்லையாயின், ஏன் இல்லை என்று கேட்கும் அறிவு அப்பிள்ளைக்கு அன்று பிறக்கும். நாளை பெங்களூருவின் கூடமொன்றில் அமர்ந்து வாள் வரையப்போவது அப்பிள்ளையாகவும் இருக்கலாம்.